‘டோப்’ என்றால் தோப்பு! இங்கிலீஷ் டிக்‌ஷனரிக்குள் நம்ம ஊர் மரங்கள்

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் பஸ்ஸில் போகும்போது ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். மாங்காடு, திருவேற்காடு, பருத்திப்பட்டு, திருமுல்லைவாயில், அத்திப்பட்டு, வேப்பம்பட்டு. மா, வேலமரம், பருத்தி, முல்லை, அத்தி, வேம்பு என வரிசையாகச் செடி கொடிகள்தான். மரங்கள் போய் கம்பெனிகளும் அபார்ட்மென்ட்களும் வந்துவிட்டன. பெயர் மட்டும் போர்டில் இருக்கிறது.

இதேபோல நம்ம மரங்களின் பெயர்கள் இன்னொரு இடத்திலும் தங்கியிருக்கின்றன. அது, இங்கிலீஷ் டிக்‌ஷனரி!

‘மேங்கோ’ பலருக்கும் தெரிந்த கதை. நம்ம மாங்காய்தான் மலாய், போர்ச்சுகீசிய மொழிகள் வழியாக அப்படி மாறியது. மாங்காட்டில் இருக்கும் அதே ‘மா’தான் ஜூஸ் பாட்டிலிலும் இருக்கிறது. தேக்கு ‘டீக்’ ஆனதும், முருங்கை ‘மொரிங்கா’ ஆனதும் இதே வகை. அதிகம் புழங்காத வார்த்தைகளில்தான் சுவாரஸ்யமே.

‘டோப்’ என்று ஒரு வார்த்தை. இங்கிலீஷில் அது ஒரு சிறிய சுறாவைக் குறிக்கும். மூச்சு முட்டக் குடிப்பதைக் குறிக்கும். புத்த ஸ்தூபியையும் குறிக்கும். இவற்றோடு, தோப்பு என்ற அர்த்தமும் உண்டு. அது தமிழிலிருந்து போனது. ‘மேங்கோ டோப்’ என்று பழைய ஆங்கிலேயர் குறிப்புகளில் வந்தால் மாந்தோப்பு என்று படிக்க வேண்டும். சுறாவைத் தேடக் கூடாது!

‘பூன்’ என்பது புன்னை இனத்து மரம். நேராக உயர்ந்து வளர்வதால் பாய்மரக் கப்பல்களின் கம்பங்களுக்கு விரும்பி வாங்கப்பட்டது. ‘ஷோலா’ என்பது சோலை. நீலகிரி, ஆனைமலை உச்சிகளில் புல்வெளிக்கு நடுவே இருக்கும் குளிர்காடுகளுக்கு உலகம் முழுக்க விஞ்ஞானிகள் இந்தப் பெயரைத்தான் எழுதுகிறார்கள். புங்கமரத்துக்குத் தாவரவியல் வைத்த பெயர் ‘பொங்காமியா’.

காஸ்ட்லியான சென்ட் பாட்டில்களில் வரும் ‘வெட்டிவர்’, நம்ம வெட்டிவேர். பிரெஞ்சுக்காரர்கள் வழியாகப் போனதால் உச்சரிப்பு அப்படி. ‘பச்சோலி’ எது தெரியுமா? பச்சிலை! 19-ம் நூற்றாண்டில் காஷ்மீர் சால்வைகளை ஐரோப்பாவுக்கு அனுப்பும்போது, பூச்சி அரிக்காமலிருக்க இந்த இலையை இடையில் வைத்தார்கள். அங்கே வாங்கியவர்களுக்குச் சால்வையோடு வாசனையும் பிடித்துப்போனது.

இலுப்பையின் கதை கொஞ்சம் சோகம். ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்று பழமொழி சொல்லும் அளவுக்கு நமக்கு நெருக்கமான மரம். இங்கிலீஷில் ‘இல்லிப்பே’ ஆகி, சருமத்துக்குப் பூசும் க்ரீம்களில் இடம்பிடித்தது. ஆனால் இன்று ‘இல்லிப்பே பட்டர்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் போர்னியோ தீவின் வேறொரு மரத்துக் கொட்டையிலிருந்து எடுப்பது. பெயர் நம்முடையது, மரம் அவர்களுடையது.

இப்படிப்பட்ட வார்த்தைகளைத் தேடித் தொகுத்தவர்கள் ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும். பர்னல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். இவர்களின் ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி 1886-ல் வெளியானது. அதைப் பார்க்க பர்னல் இல்லை. 1882-லேயே இறந்துவிட்டார்.

அதற்காக, வாட்ஸ்அப்பில் வருவதுபோல எல்லாமே தமிழிலிருந்து போனவை என்று ஃபார்வர்டு செய்துவிட வேண்டாம். ‘ஜாஸ்மின்’ பாரசீகத்திலிருந்து வந்தது. திருமுல்லைவாயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘பனியன் ட்ரீ’யில் இருப்பது குஜராத்தி வணிகர்களைக் குறிக்கும் ‘வாணியா’. அந்த மரத்தடியில் அவர்கள் கூடியதால் வந்த பெயர்.

வேப்பமரத்தை ஆங்கிலேயர்கள் முன்பு ‘மார்கோசா’ என்றார்கள். கசப்பு என்ற பொருளுடைய போர்ச்சுகீசிய வார்த்தையிலிருந்து வந்தது அது. இப்போது இந்தி வழியாக வந்த ‘நீம்’ எங்கும் பரவிவிட்டது. சோப்பு, பேஸ்ட் எதை எடுத்தாலும் நீம்தான். வேம்பு என்ற பெயர் ஏனோ கப்பல் ஏறவில்லை. அது வேப்பம்பட்டு ஸ்டேஷன் போர்டில் இருக்கிறது.