கடல் கடந்த படையாச்சிகள்

படையாச்சி என்பது பழைய தென்னார்க்காட்டில் வன்னியர்கள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்ட பட்டம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் அதுவே குடும்பப் பெயர். பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையிலுள்ள காடாம்புலியூர் போன்ற ஊர்களில் இளைஞர்கள் இன்று அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போடுவதோடு சரி. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிவிடும். சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்ன 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்கும் இதில் பங்குண்டு. கடல் கடந்தவர்களுக்கோ, பட்டம் அரசுப் பதிவேட்டில் ஏறி அப்படியே நிலைத்துவிட்டது. முதலியார் மூட்லி ஆனார்; கவுண்டர் கவண்டர் ஆனார்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை இப்படி டர்பன் அடங்கிய நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், அங்க அடையாளம் எல்லாம் எழுதப்பட்டன. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க எழுதிய கணக்குதான். ஆனாலும் சாமானியக் குடும்பம் ஒன்றின் பூர்வீகத்தைச் சொல்ல இதைவிட நல்ல ஆவணம் தமிழ்நாட்டிலேயே கிடைப்பது அரிது.

மரபணுச் சோதனை இந்தக் காகிதத்துக்குத் துணையாக வருகிறது. ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு அநேகமாக மாறாமல் போகிறது; தகப்பன் வழியில் வரும் குடும்பப் பெயரும் அதே பாதையில் போகிறது. இங்கிலாந்தில் சைக்ஸ் என்ற பெயர் கொண்ட ஆண்களை ஆராய்ந்த பிரயன் சைக்ஸ், அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் ஒரே ஒய் வகை இருப்பதை 2000இல் வெளியிட்டார். படையாச்சிகளிடம் இந்தக் கணக்கு செல்லாது. அது ஒரு மூதாதையிடமிருந்து இறங்கிய பெயரல்ல, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பொதுவான பட்டம். போதாக்குறைக்கு, போன இடத்தில் வேறு பட்டம் சூட்டிக்கொண்டவர்களும் உண்டு. பட்டம் ஒத்துப்போனால் உறவு என்று ஆகாது; ஒய் ஒத்துப்போனால்தான் பேச்சு.

நிறுவனங்கள் பரவலாக விற்பது வேறு சோதனை. தாய், தகப்பன் இருவழி மரபணுவையும் சேர்த்துப் பார்ப்பது அது. எள்ளுத்தாத்தாவின் பங்கு அதில் சராசரியாக 16இல் ஒன்று. ஆனால் மாமன் மகளையும் அத்தை மகனையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய குடும்பத்தில் ஒரே மூதாதையின் துண்டு இரண்டு மூன்று வழியாக வந்து சேரும். கணினி அதைக் கூட்டிப் பார்த்துவிட்டு, தூரத்துச் சொந்தத்தை நெருங்கிய சொந்தம் என்று காட்டிவிடுகிறது. ‘தென்னிந்தியா’ என்று வரும் சதவீதத்தைக் கொண்டு ஊரைக் கண்டுபிடிக்க முடியாது; தாலுகாவைக்கூட அது சொல்லாது. பரிசோதித்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் மேலைநாட்டுக்காரர்கள் என்பதால், ஊரிலுள்ள சொந்தம் பட்டியலில் அகப்படுவது அபூர்வம். சோதனைக்கு எச்சிலைக் கொடுப்பதில் ஆபத்தும் இருக்கிறது. இந்தச் சோதனையை விற்கும் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் மனு போட்டது.

ஊரைத் தேடுவதுதான் பெரும்பாடு. பதிவேட்டில் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப் பெயரை உரக்கப் படித்துப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். தென்னார்க்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்துவிட்டது. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கியபின் சில ஊர்கள் சுரங்கத்துக்கே போய்விட்டன. அங்கிருந்தவர்கள் வேறிடங்களில் குடியேறினார்கள்.

அப்படிச் சிதறியவர்களையும் ஓரிடத்துக்குக் கொண்டுவருவது குலதெய்வம். பொங்கல் வைக்கவும் காதுகுத்தவும் கூடும் பங்காளிகள் தகப்பன்வழி உறவினர். கல்யாணமான பெண் கணவன் வீட்டுக் குலதெய்வத்துக்கு மாறிவிடுவாள். ஆகவே பங்காளி வகையறாவும் ஒய் வழியும் அநேகமாக ஒன்றே. தாய்வழியைக் காட்டும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு இப்படி ஒரு கோயில் கிடையாது.

அதனால் டர்பனிலிருந்து தேடி வருபவருக்குச் சுருக்கமான வழி, காகிதம் சொல்லும் ஊரில் பங்காளி ஒருவரின் சம்மதத்தோடு அவருக்கு ஒய் சோதனை செய்து ஒப்பிடுவது. தேடுபவர் பெண்ணானால் அவருடைய தகப்பனோ உடன்பிறந்தானோ எச்சில் கொடுக்க வேண்டும். சோதனையில் ஒப்பிடும் 37 மரபணுக் குறிகளில் ஒன்றிரண்டு மாறினாலும் பங்காளி உறவுக்கு இடமுண்டு. பாதிக்குமேல் மாறினால் ஊரைத் தப்பாகப் படித்திருக்கலாம், அல்லது இடையில் ஒரு தத்துப்பிள்ளை வந்திருக்கலாம். இரண்டில் எது என்பதைச் சோதனை சொல்லாது.