புல் வெட்டும் மெஷின் வாங்கும் முன் மவுஸைப் பிடியுங்கள்!

ஸ்ரீரங்கத்தில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே எங்கள் தென்னந்தோப்பு. புல் வெட்டப் போவது 65 வயது அப்பா. எந்த மெஷின் வாங்கலாம்?

2015 முதல் இலவசமாகக் கிடைக்கும் கூகுள் எர்த் புரோவைத் திறந்தேன். டூல்ஸ் மெனுவில் ரூலர், அதில் பாலிகன். வேலியோரமாகக் கிளிக் செய்துகொண்டே வந்தால் பரப்பளவு தெரிந்துவிடும்.

எங்களுக்கு வந்தது 1 ஏக்கர். அதாவது 43,560 சதுர அடி. அதை மெஷின் வெட்டும் அகலத்தால் வகுங்கள். ஒன்றரை அடி அகலத் தள்ளு மெஷின் என்றால் 29,040 அடி. கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர்! திருச்சி ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் கோயிலுக்கு நடப்பது போல. அப்பாவால் முடியாது.

3 அடி அகலத்தில் உட்கார்ந்து ஓட்டும் மெஷினுக்குத் தூரம் பாதிதான். ஆனால் அதற்குச் சமதரை வேண்டும். எங்கள் தோப்பில் வரப்பும் வாய்க்காலும் உண்டு. ஆகவே தோளில் மாட்டும் பிரஷ் கட்டரே சரி என்று முடிவு செய்தேன். வாரம் கால் ஏக்கர், நானே வெட்டுகிறேன்.

உங்கள் நிலத்தையும் அளந்துவிட்டுக் கடைக்குக் கிளம்புங்கள்.