கல்லில் பொறித்த பெயர்கள்

திருகோணமலையிலிருந்து வடக்கே நிலாவெளியைத் தாண்டிச் செல்வோர், இறக்கக்கண்டிப் பாலத்தைக் கடந்து குச்சவெளி ஊடாகப் புல்மோட்டையை அடைவர். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் கரையோரம் இது. புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல் ஆகியவற்றோடு சிர்க்கோன் என்னும் கனிமமும் கலந்திருக்கின்றது. மணலில் பொடியாகக் கிடக்கும் இதே கனிமம், தெளிந்த படிகமாகக் கிடைக்குமிடத்து இரத்தினக்கல் எனப் போற்றப்படுகின்றது. அவ்வாறாயின் கல்லின் பெருமை எதில் அடங்கியுள்ளது? இவ்வினாவுக்குக் கிறிஸ்தவ மறைநூல் தரும் விடை அனைத்துச் சமயத்தாரும் அறியத்தக்கது.

விடுதலைப் பயண நூலின் 28ஆம் அதிகாரம், தலைமைக் குருவான ஆரோன் அணியவேண்டிய மார்ப்பதக்கத்தை விவரிக்கின்றது. வரிசைக்கு மூன்றாக நான்கு வரிசைகளில் பன்னிரண்டு கற்கள். ஒவ்வொரு கல்லிலும் இஸ்ராயேலின் ஒரு குலத்தின் பெயர். இறைவன் திருமுன் செல்லும்போது அப்பெயர்களைக் குரு தம் நெஞ்சின்மீது சுமந்து செல்லவேண்டும் என்பது விதி. கற்களின் நிறம் வேறு, ஒளி வேறு. எனினும் எந்தக் குலமும் விடுபடவில்லை; ஒன்று மற்றொன்றுக்குள் கரைக்கப்படவும் இல்லை. ஆகவே, கல்லின் பெருமை அதன் விலையில் அன்று, அது தாங்கும் மக்களின் பெயரிலேயே உள்ளது என்பது தெளிவாகின்றது.

எசாயா நூலின் 54ஆம் அதிகாரத்தில் நீலக்கல்லால் அடித்தளமிடப்படும் என்னும் வாக்குறுதி, செழித்து நிற்கும் நகருக்கு அளிக்கப்படவில்லை. புயலால் அலைக்கழிக்கப்பட்டு ஆறுதலின்றி நின்ற நகருக்கே அது அளிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் உற்றாரையும் உடைமையையும் இழந்த நமது கரையோர மக்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. மாறாக, எசேக்கியேல் நூலில், விலையுயர்ந்த கற்கள் அனைத்தாலும் தன்னை அலங்கரித்திருந்த தீர் நகர மன்னன், செருக்கினாலும் நேர்மையற்ற வாணிபத்தினாலும் வீழ்ந்ததாகக் கூறப்படுகின்றது.

விவிலியத்தின் இறுதி நூலான திருவெளிப்பாடு, புதிய எருசலேமின் பன்னிரு அடித்தளங்களையும் பன்னிரு கற்களால் அணிசெய்கின்றது. அவற்றில் பதினோராவது கல்லின் கிரேக்கப் பெயர் 'ஹியாகிந்தோஸ்'. அது நீலக்கல் என்பாரும் செந்நிறச் சிர்க்கோன் என்பாரும் உளர். திருக்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயத்தில் பவளத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் 'யாகூத்' என்ற அரபுச் சொல்லும் இதே கிரேக்க மூலத்திலிருந்து கிளைத்தது என்பது மொழியறிஞர் கருத்து. இரு மறைகளிலும் ஒரே சொல்லின் ஒளி வீசுவது சிந்தனைக்குரியது.

அந்நகரின் பன்னிரு வாயில்களும் பன்னிரு முத்துக்களாம். அவை ஒருபோதும் அடைக்கப்படாவாம். 2009இல் முடிவுற்ற போரின் காலத்தில் அடைபட்ட வீதிகளையும் சோதனைச் சாவடிகளையும் கண்ட நமக்கு, திறந்த வாயில் எத்தகைய செல்வம் என்பது நன்கு தெரியும்.

இவ்வளவு ஆழ்ந்த பொருளுடைய கற்கள், காலப்போக்கில் அதிர்ஷ்டத்தின் கருவிகளாகக் குறுகிப்போயின. மார்ப்பதக்கத்தின் கற்களைப் பன்னிரு மாதங்களோடும் இராசிகளோடும் முதலாம் நூற்றாண்டிலேயே ஒப்பிட்டவர் யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ். ஆனால், இன்று பரவலாக வழங்கும் 'பிறந்த மாதக் கல்' பட்டியல், 1912இல் அமெரிக்க நகை வணிகர்கள் கூடி வகுத்ததாகும். அதற்கு மறைநூலின் ஆணை எதுவும் இல்லை. திருமணத் தடை நீங்கவும் தொழில் பெருகவும் கடன்பட்டுக் கல் வாங்கும் ஏழைக் குடும்பங்கள் இதனை உணர்தல் வேண்டும். ஞானத்தின் விலைக்கு எந்த இரத்தினமும் ஈடாகாது என யோபு நூல் அன்றே அறுதியிட்டுக் கூறிவிட்டது.

விரலில் அணியும் கல் விதியை மாற்றும் என நாம் நம்பவில்லை. அயலவரின் பெயரை நெஞ்சில் சுமப்பதே மார்ப்பதக்கம் உணர்த்தும் பாடம். பள்ளிவாசலும் கோவிலும் தேவாலயமும் அயலில் அமைந்த இம்மாவட்டத்தில், எந்தப் பெயரும் விடுபடாத பதக்கம் ஒன்றே நமக்கு வேண்டியது.