உங்களுக்குத் தெரியுமா? தூரத்தில் இருந்தே பேட்டரிக்கு நாடி பார்க்கலாம்!

■ பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியை அடுத்துள்ள பொம்மசந்திராவில் தயாரானதுதான் ‘ரேவா’ மின்சாரக் கார். 2001-இல் விற்பனைக்கு வந்த இது, லண்டன் தெருக்களில் ‘ஜி-விஸ்’ என்ற பெயரில் ஓடியது.

■ 2009-இல் ரேவா நிறுவனம் ‘ரிவைவ்’ என்ற வசதியை அறிவித்தது. நடுவழியில் சார்ஜ் தீர்ந்தால் சேவை மையத்துக்கு ஒரு போன் போதும். அங்கிருந்தபடியே பேட்டரியின் நிலையைப் பார்த்து, ஒதுக்கி வைத்த மின்சாரத்தைத் திறந்துவிடுவார்கள். 2013-இல் வந்த மகிந்திரா ‘ஈ2ஓ’ காரிலும் இது இருந்தது.

■ இன்றைய மின்வாகனங்களில் பேட்டரி மேலாண்மை அமைப்பு வோல்டேஜ், வெப்பநிலை, மின்னோட்டம் மூன்றையும் ஓயாமல் அளக்கிறது. இணைய வசதியுள்ள வண்டிகளில், சிம் கார்டு வழியே இந்த விவரங்கள் நிறுவனத்தின் சர்வருக்குப் போகின்றன.

■ பேட்டரிக்குள் இருக்கும் செல்களில் ஒன்றின் வோல்டேஜ் மட்டும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் இறங்கினால், அது பழுதின் முன்னறிகுறி. வண்டி நிற்பதற்கு முன்பே சர்வர் இதைக் கண்டுபிடித்துவிட முடியும்.

■ உங்கள் வண்டியின் ஆப்பில் பேட்டரி சூடு பற்றி எச்சரிக்கை வந்தால் அலட்சியம் வேண்டாம். சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு, உடனே சர்வீஸ் சென்டரை அழையுங்கள்.