வலி காதில், காரணம் வேறிடத்தில்

காது வலி என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் அம்மாவிடம் இ.என்.டி. டாக்டர் கேட்கும் முதல் கேள்வி பல சமயம் காதைப் பற்றியதாக இருக்காது.

"ஏம்மா, பையன் ராத்திரியில வாயைத் திறந்து வெச்சுக்கிட்டா தூங்குறான்?"

"ஆமாங்க டாக்டர், குறட்டை வேற விடுறான். ஆனா வலி காதுலதாங்க."

"தெரியுதும்மா. மூக்கைப் பார்த்துட்டு வரேன்."

மூக்கின் பின்கோடியிலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறியலாளர் யூஸ்டேக்கியின் பெயரால் அதை யூஸ்டேக்கியன் குழாய் என்கிறார்கள். பெரியவர்களுக்குச் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சாதாரணமாக மூடியே கிடக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து காதுக்குள் காற்றை விடும். ஊட்டி மலைப்பாதையில் பஸ் ஏறும்போது அடைத்த காது, எச்சில் விழுங்கியதும் 'டப்'பென்று விடுகிறதே, அது இந்தக் குழாயின் வேலைதான். குழந்தைகளுக்கு இது குட்டையாகவும், ஏறக்குறைய படுக்கை வாட்டமாகவும் இருக்கும். சளி பிடித்தால் மூக்கில் இருக்கும் கிருமி காதுக்குப் போய்ச் சேர அதிக நேரம் பிடிக்காது.

அந்தக் குழாயின் வாயருகில் உட்கார்ந்திருக்கும் சதைதான் அடினாய்டு. கண்ணாடி முன் வாயைப் பிளந்து பார்த்தால் டான்சில் தெரியும். அடினாய்டு தெரியாது, உள்நாக்குக்கு மேலே ஒளிந்திருக்கும். காது மந்தமாக, மூக்கடைத்து, வாயால் மூச்சு விடுகிறவர்களின் அண்ணத்துக்குப் பின்னால் விரல் விட்டுத் தடவிப் பார்த்து, இந்தச் சதைக்கும் காதுக்கும் உள்ள தொடர்பை 1868-ல் எழுதி வைத்தவர் கோபன்ஹேகன் டாக்டர் வில்ஹெல்ம் மேயர். இப்போது அதே இடத்தை மெல்லிய கேமரா குழாயில் பார்க்கிறார்கள், அல்லது பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே எடுக்கிறார்கள்.

வலித்து அழுகிற பிள்ளையாவது டாக்டரிடம் வந்துவிடுகிறது. வலிக்காத பிள்ளையின் பாடுதான் மோசம். சளி போன பிறகும் நடுக்காதில் பிசின் போல நீர் தேங்கி நிற்கும். ஜுரம் இருக்காது, சீழ் வடியாது. டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பான், கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் திரும்புவான். வீட்டில் 'திமிர்' என்பார்கள், பள்ளியில் 'கவனமில்லை' என்பார்கள். முதுகில் இரண்டு வைக்கும் முன் காதைச் சோதிப்பது நல்லது. இந்த நீர் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானே வற்றிவிடும் என்பதால், நல்ல டாக்டர் மருந்துச் சீட்டு எழுதாமல் 'பொறுத்துப் பார்ப்போம்' என்பார். மருந்தே தரவில்லை என்று கோபித்துக்கொண்டு அடுத்த கிளினிக்குக்குப் போகத் தேவையில்லை. வற்றாமல் கேட்கும் திறனும் குறைந்தே இருந்தால் காது ஜவ்வில் சின்னக் கீறல் போட்டு, குரோமெட் என்ற பொடிக் குழாயைச் செருகுவார்கள். அடினாய்டு அடைத்திருந்தால் கையோடு அதையும் எடுத்துவிடுவார்கள். குரோமெட் சில மாதங்களில் தானே வெளியே வந்துவிடும்.

சீழ் வடியும் காது வேறு கதை. ராத்திரியெல்லாம் கதறிய பிள்ளை, விடியும்போது தலையணை ஈரமாக நிம்மதியாகத் தூங்குகிறது என்றால் உள்ளே ஜவ்வு கிழிந்து சீழ் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். இந்தக் கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் மூடிக்கொள்ளும். மூடாவிட்டால் காதுக்கு மேலே இருக்கும் தசையின் உறையிலிருந்து ஒரு துண்டு எடுத்து ஒட்டுப்போட முடியும். கவலைப்பட வேண்டியது, வருஷக்கணக்கில் கொஞ்சமாக, ஆனால் நாற்றத்தோடு வடியும் காதைப் பற்றித்தான். உள்ளே தோல் செதில்கள் மூட்டையாகச் சேர்ந்து எலும்பை அரித்துக்கொண்டிருக்கலாம். அதற்குக் கொலஸ்டியேட்டோமா என்று பெயர். புற்றுநோய் அல்ல, ஆனால் பக்கத்தில் முக நரம்பும் மேலே மூளையும் இருப்பதால் விட்டுவைக்க முடியாது. ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும், சொட்டு மருந்தால் கரையாது.

குறும்பியை மட்டும் நிம்மதியாக விட்டுவிடலாம். காதுத் துவாரத்தின் வெளிப் பகுதியில் சுரந்து, தாடை அசைய அசையத் தானே வெளியே நகர்ந்துவிடும் சரக்கு அது. பட்ஸைப் போட்டால் அதை உள்ளே தள்ளி இடிக்கத்தான் முடியும். ஹேர்பின், தீக்குச்சி, சாவி என்று நம்மவர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் காதில் விடுவதைப் பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிஷம் நின்றால் பார்க்கலாம். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் வேண்டாம். சூடு ஒருபக்கம், மழைக்காலத்தில் அந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்து அரிக்கும் அரிப்பு இன்னொரு பக்கம். பூச்சி புகுந்துவிட்டால் மட்டும் இதற்கு விலக்கு: ஜவ்வில் ஓட்டை இல்லாதவர்கள் சூடாக்காத தேங்காய் எண்ணெய் சில சொட்டு விட்டால் பூச்சி அடங்கும், டாக்டர் எடுத்துவிடுவார். பொம்மையில் இருக்கும் பட்டன் பேட்டரி காதிலோ மூக்கிலோ போய்விட்டால் எதையும் ஊற்றாமல் அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சில மணி நேரத்திலேயே சதையைப் பொசுக்கிவிடும்.

மூக்கடைப்புக்குப் போடும் சொட்டு மருந்திலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. சைலோமெட்டாசோலின் விட்ட சில நிமிஷத்தில் மூக்கு திறந்துகொள்ளும். அந்தச் சுகத்தில் வாரக்கணக்கில் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தணியும்போதெல்லாம் முன்னைவிட மோசமாக அடைக்கும். பிறகு பாட்டில் இல்லாமல் தூக்கம் வராது. ஐந்தாறு நாளோடு நிறுத்திவிட வேண்டும். ஒவ்வாமையால் வருஷம் முழுக்கத் தும்முகிறவர்களுக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேதான் சரி. அது வேலை செய்யவே சில நாளாகும் என்று தெரியாமல் இரண்டாம் நாளே தூக்கிப்போடுகிறவர்கள் அதிகம்.

தலைசுற்றலுக்கும் கொஞ்சம் காதைக் கவனிக்க வேண்டும். படுக்கையில் புரண்டதும் அறையே சுழன்று, ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடுகிறதா? உள்காதில் இருக்கும் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். அமெரிக்க டாக்டர் ஜான் எப்லி வகுத்த முறைப்படி தலையை நான்கைந்து நிலைகளில் திருப்பிப் படுக்க வைத்தால் துகள் பழைய இடத்துக்குத் திரும்பும். பலருக்கு ஒரே தடவையில் சரியாகிவிடும். இதற்காக வருஷக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரை விழுங்குகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஆனால் ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்தில் கேட்காமல் போனால் அது அவசரம். 'சளி அடைத்திருக்கும்' என்று ஒரு மாதம் காத்திருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சைக்கான காலம் கடந்துவிடும்.

இனி பெரியவர்களின் காது வலி. காதில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஜவ்வு பளிச்சென்று நன்றாக இருக்கிறது. வலி மட்டும் போகவில்லை. டாக்டர் கடைவாய்ப் பல்லையும் தாடை மூட்டையும் அமுக்கிப் பார்ப்பார். அங்கேயும் ஒன்றுமில்லை என்றால் தொண்டைக்குப் போவார். நாக்கின் அடிப்பகுதிக்கும் தொண்டைக்கும் போகும் நரம்புகளின் கிளைகளே காதுக்கும் வருவதால், அங்கே வந்த புண் இங்கே வலியாகத் தெரியும். புகையிலை போடுகிறவர், பீடி, சிகரெட், மதுப் பழக்கம் உள்ளவர் ஆகியோருக்கு ஒரே பக்கக் காது வலி வாரக்கணக்கில் நீடித்தால் காதுச் சொட்டு மருந்தோடு அனுப்பிவிடக் கூடாது, தொண்டைக்குள் பார்த்தாக வேண்டும். மூன்று வாரம் தாண்டிய குரல் கம்மலுக்கும் இதே விதிதான்.

1854-ல் மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார் பல் டாக்டரின் சின்னக் கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துத் தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். இன்று மூக்கில் மரத்துப்போகும் ஸ்பிரே அடித்து, கேமரா வைத்த மெல்லிய குழாயைத் தொண்டை வரை விட்டு, நோயாளியும் பார்க்கும்படி திரையில் காட்டுகிறார்கள். மயக்க மருந்து வேண்டாம். சில நிமிஷத்தில் முடிந்துவிடும். மரப்பு விடும்வரை, அரை மணியோ ஒரு மணியோ, காபி மட்டும் குடிக்கக் கூடாது.