மின்சாரக் காரில் முந்துவது யார்?

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், எங்கள் வடகரை, செங்கோட்டைப் பக்கத்துச் சாலைகளில் வெளியூர்க் கார்கள் வரிசை கட்டிவிடும். சென்ற சீசனில் ஒரு மாலை, பள்ளி விட்டு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். திடீரென்று எங்கள் அருகில் ஒரு பெரிய கார் நின்றது. அது வந்ததே எங்களுக்குத் தெரியவில்லை. எஞ்சின் சத்தம் இல்லை, புகை இல்லை. பச்சை நிற நம்பர் பலகையைக் கண்ட பிறகே அது மின்சாரக் கார் என்று அறிந்தோம்.

எல்லோரும் வியந்து பார்த்தோம். எங்கள் தோழி ஒருத்தி மட்டும், “எங்க அப்பாவுக்கு இந்தக் காரைக் கண்டாலே பயம்” என்றாள். அவளுடைய தந்தை கார் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். அந்தப் பயம் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப்புக்கு மட்டும் உரியதன்று, உலகப் புகழ் பெற்ற கம்பெனிகளுக்கும் அது உண்டு என்பதைப் பின்னர் படித்தறிந்தோம். நாங்கள் அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பழையவர் யார்? புதியவர் யார்?

1886-ஆம் ஆண்டு ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் பெட்ரோலில் ஓடும் தம் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய பெயரே இன்றும் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் விளங்குகிறது. அதே நாட்டின் பி.எம்.டபிள்யூ கம்பெனி 1916-இல் தோன்றியது. இவர்கள் பழையவர்கள்.

அமெரிக்காவின் டெஸ்லா 2003-இல் தொடங்கப்பட்டது. சீனாவின் பி.ஒய்.டி. 1995-இல் பாட்டரி செய்யும் கம்பெனியாகப் பிறந்து, பிறகு கார் தொழிலில் இறங்கியது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2017-இல்தான் பிறந்தது. நம் வீடுகளில் செல்போன் பெயராக மட்டும் நாம் அறிந்த ஷியோமி கூட 2024-இல் சீனாவில் ஒரு மின்சாரக் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவர்கள் புதியவர்கள். நேற்று வந்தவர்களைக் கண்டு நூறாண்டு கண்டவர்கள் ஏன் அஞ்சவேண்டும்?

எஞ்சினே சொத்து, எஞ்சினே சுமை

பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன், வால்வு, கிராங்க் ஷாஃப்ட் என்று நூற்றுக்கணக்கான பாகங்கள் அசைகின்றன. உள்ளே எரிபொருள் வெடிக்க வெடிக்கத்தான் வண்டி ஓடும். அந்த அதிர்வையும் சத்தத்தையும் அடக்கி, பயணியை அலுங்காமல் குலுங்காமல் கொண்டு செல்வதற்காகப் பொறியாளர்கள் பல தலைமுறைகள் பாடுபட்டனர். விலையுயர்ந்த காரின் பெருமையே அந்த அமைதிதான். அதற்காகத்தான் செல்வந்தர்கள் பணம் கொடுத்தார்கள்.

மின்சார மோட்டாரோ இயல்பாகவே அமைதியானது. நாம் பாடத்தில் படித்த ஃபிளெமிங்கின் இடக்கை விதியே அதன் அடிப்படை. காந்தப் புலத்தில் உள்ள கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் அதன்மேல் விசை உண்டாகும்; சுழலி சுழலும். அசையும் பாகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கிளட்ச் இல்லை, கியர் மாற்றும் வேலையும் இல்லை. ஆரியங்காவு மலைச் சாலையில் இறங்கும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, பாட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பியும் தருகிறது.

இதனால் நேர்ந்தது என்ன? முன்பு பெரும் பணம் கொடுத்துப் பெற்ற அமைதியும் வேகமும் நடுத்தர விலைக் காரிலும் கிடைக்கத் தொடங்கின. பழையவர்களின் மிகப் பெரிய சொத்தாகிய எஞ்சின் அறிவு அவர்களுக்கே சுமையாயிற்று. எஞ்சின் தொழிற்சாலைகளையும் தொழிலாளர்களையும் ஒரே நாளில் கைவிட முடியுமா? புதியவர்களுக்கு அந்தச் சுமை இல்லை.

பழையவர்கள் தூங்கிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் போட்டியிலேயே பி.எம்.டபிள்யூ மின்சாரக் கார்களை ஓட்டிக் காட்டியது. ஆனால் அவற்றின் ஈய அமில பாட்டரிகள் 350 கிலோ எடை இருந்தும், சுமார் 60 கிலோமீட்டர்தான் ஓட முடிந்தது. எடை குறைந்த லித்தியம் அயனி பாட்டரி 1991-இல் விற்பனைக்கு வந்து, மெல்ல மெல்ல வளர்ந்த பிறகே வழி திறந்தது. இன்று காரின் விலையில் பெரும் பங்கு பாட்டரிக்கே. பி.ஒய்.டி. அதைத் தானே செய்கிறது. பி.எம்.டபிள்யூவோ எஞ்சினைத் தானே செய்து பழகிவிட்டு, இப்போது பாட்டரி செல்களைப் பிறரிடம் வாங்க வேண்டியிருக்கிறது.

நம் மாநிலத்தில் இருவரும்

இந்தப் போட்டியைக் காண வெளிநாடு போக வேண்டியதில்லை. செங்கல்பட்டு அருகே 2007 முதல் பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை நடைபெறுகிறது. அங்கே உருவாகும் ஐ.எக்ஸ்.1 என்னும் மின்சாரக் கார் 2025 ஜனவரியில் 49 இலட்சம் ரூபாய் விலையில் அறிமுகமாயிற்று.

எங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் உள்ள தூத்துக்குடியில், 2025 ஆகஸ்ட் 4 அன்று வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. முதலில் ஆண்டுக்கு 50,000 கார்கள், பின்னர் 1,50,000 வரை என்பது திட்டம். அதன் வி.எஃப்.7 கார் சுமார் 21 இலட்சம் ரூபாயிலிருந்து விற்பனைக்கு வந்தது. முழுக் காராக இறக்குமதி செய்தால் வரி மிக அதிகம். அதனால்தான் பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டுகிறார்கள். 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்த டெஸ்லா, காரை முழுதாக இறக்குமதி செய்ததால் விலை 60 இலட்சத்தைத் தொட்டது.

புதியவர் எல்லாரும் வெல்வரோ?

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்பார்கள். ஆனால் வந்த காலத்தைப் பூனை காப்பாற்றிக்கொள்ள வேண்டுமே! அமெரிக்காவின் ஃபிஸ்கர் என்னும் புதிய மின்சாரக் கார் கம்பெனி 2024 ஜூனில் திவாலாயிற்று. கார் வாங்கியவர்கள் உதிரி பாகங்களுக்குத் திண்டாடினார்கள். பழுது பார்க்க ஆள், பாகம் கிடைக்க இடம், பல்லாண்டு நம்பிக்கை ஆகியவை பழையவர்களின் பலம்.

நம் மாநில ஸ்கூட்டர்களே இதற்குச் சான்று. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொழிற்சாலை அமைத்த புதிய கம்பெனி ஓலா, மின்சார ஸ்கூட்டர் விற்பனையில் முதலிடம் பிடித்தது. ஆனால் 2025-இல் ஓசூரின் பழைய கம்பெனி டி.வி.எஸ். அதை முந்திவிட்டது. ஆகவே, வெற்றியைத் தீர்மானிப்பது வயதன்று. பழையவர் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். புதியவர் பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டும். எவர் தமக்கு இல்லாததை முதலில் பெறுகிறாரோ அவரே முந்துவார் என்பது எங்கள் கருத்து.

நமக்கு என்ன?

இனித் தோழியின் தந்தையிடம் வருவோம். மின்சாரக் காரில் எஞ்சின் ஆயில் மாற்றுவதும் பிளக் துடைப்பதும் இல்லை. ஆனால் டயர், பிரேக், ஏ.சி., பாடி வேலை எல்லாம் உண்டு. பாட்டரியில் பல நூறு வோல்ட் மின்னழுத்தம் இருப்பதால், முறையாகப் பயிலாதவர் அதைத் தொடவே கூடாது. பயின்றவருக்கோ வேலை காத்திருக்கிறது.

சென்ற மாதம் அவர் தம் மகளிடம், “உன் புஸ்தகத்துல மோட்டார் பாடம் இருக்காமே, அதை வாசிச்சுக் காட்டும்மா” என்று கேட்டாராம். அவள் இடக்கையின் மூன்று விரல்களை நீட்டி, காந்தப் புலம், மின்னோட்டம், விசை என்று காட்டினாளாம். கிரீஸ் படிந்த விரல்களை நீட்டி அவரும் அப்படியே செய்து பார்த்தாராம்.

பத்தாம் வகுப்பு முடித்ததும் பாலிடெக்னிக்கில் மின் பொறியியல் படிக்க எங்களில் சிலருக்கு ஆசை. “பொம்பளைப் பிள்ளைக்கு மோட்டார் வேலை எதுக்கு?” என்று சில வீடுகளில் கேட்கிறார்கள். அன்புள்ள பெற்றோரே! நூறு வயதுக் கம்பெனியே புதிதாகக் கற்க வேண்டிய காலம் இது. ஐம்பது வயதுத் தந்தையும் மகளிடம் பாடம் கேட்கிறார். பதினைந்து வயதினராகிய எங்களையும் கற்க அனுப்புங்கள்!