கொத்தனாரின் குழாயும் குண்டுவீச்சு விமானமும்

கிருஷ்ணராஜபுரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய தாத்தா எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் தகட்டு வேலை பார்த்தவராம். "உடைச்சுப் போட்ட குண்டுவீச்சு விமானங்களைப் பறக்க வெச்சே பெங்களூருக்குக் கொண்டு வந்தோம்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். வீட்டில் யாரும் நம்பவில்லை. "நல்ல விமானங்களே போர்க்காலத்தில் ஊர் திரும்பும்போது விழுந்திருக்கின்றன. உடைந்த விமானம் எப்படி ஐயா வந்து சேரும்?" என்று கேட்கிறார்.

தாத்தா பொய் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விவரம் பிறகு. எனக்கு ஆர்வமாக இருப்பது கேள்வியின் மறுபாதி. எதிரியிடம் தப்பிய விமானம் வீட்டு வாசலில் ஏன் விழ வேண்டும்? குண்டுகளைப் போட்டாயிற்று, எரிபொருளும் பெரும்பாலும் எரிந்துவிட்டது. விமானம் இலேசாக வருகிறது. நியாயமாகப் பார்த்தால் இறங்குவது சுலபமாக இருக்க வேண்டும்.

  

1943 டிசம்பர் 16 இரவு பெர்லினைத் தாக்கப் போன பிரிட்டிஷ் லங்காஸ்டர் விமானங்களில் 25 எதிரியால் வீழ்த்தப்பட்டன. மீதி திரும்பியபோது இங்கிலாந்தின் தளங்களை மூடுபனி மூடியிருந்தது. தரை தெரியாமல் சுற்றிச் சுற்றி, மோதியும் கைவிடப்பட்டும் அழிந்தவை ஏறத்தாழ 30. ஜெர்மானியரைவிட சொந்த ஊர்ப் பனி அதிகம் தின்றது. ஓடுபாதையின் இருபுறமும் குழாய் போட்டு, பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தி, அந்தச் சூட்டில் பனியை விரட்டும் வேலையைக்கூட பிரிட்டிஷார் செய்தார்கள். பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையத்தில் மார்கழிக் காலையில் காத்துக் கிடந்தவர்களுக்கு அந்தப் பனி எப்படி இருந்திருக்கும் என்று ஓரளவு புரியும். இப்போது பனியைக் கொளுத்துவதில்லை, அளக்கிறோம். ஓடுபாதையில் எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று ஒளிக்கதிரை வைத்துச் சொல்லும் 'திருஷ்டி' கருவி நம் ஊர் என்.ஏ.எல். ஆய்வகத்தில் உருவானது.

நம் பக்கத்திலும் இப்படி நடந்தது. 1944 ஜூன் 5 அன்று கரக்பூரைச் சுற்றிய தளங்களிலிருந்து அமெரிக்காவின் பி-29 விமானங்கள் 98 பாங்காக்கை நோக்கிக் கிளம்பின. அந்த ரக விமானத்துக்கு அதுதான் முதல் தாக்குதல். ஐந்து அழிந்தன. அவற்றில் ஒன்றுகூட எதிரியின் குண்டு பட்டு விழவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 10 அன்று, திருகோணமலையின் சீனன்குடாத் தளத்திலிருந்து 54 பி-29 விமானங்கள் கிளம்பின. பெரும்பாலானவற்றுக்கு இலக்கு சுமத்ராவில் பலெம்பாங் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. போக வர 6,000 கிலோமீட்டருக்கும் மேல். அந்த இரவில் அழிந்தது ஒரே ஒரு விமானம். திரும்பும் வழியில் எரிபொருள் தீர்ந்து, சீனன்குடாவுக்கு 90 மைல் முன்பாகவே கடலில் இறங்கியது. துப்பாக்கி வீரர் ஒருவர் இறந்தார், மற்றவர்களைக் காப்பாற்றிவிட்டார்கள். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான்.

எவ்வளவு எரிபொருள் மிச்சம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாதா? இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. அதைச் சொல்ல பி-29ஐ விட லிபரேட்டர்தான் வசதி. வாசகரின் தாத்தா தட்டிச் சீர்செய்ததும் அதைத்தான்.

பி-24 லிபரேட்டர் உலகத்திலேயே மிக அதிகமாகச் செய்யப்பட்ட குண்டுவீச்சு விமானம், 18,000க்கும் மேல். நான்கு எஞ்சின்கள், 110 அடி அகலத்துக்கு ஒடிசலான நீண்ட சிறகு. அழகு என்று யாரும் சொன்னதில்லை, ஆனால் நெடுந்தூரம் போகும். இலங்கையின் மின்னேரியாவிலிருந்து லிபரேட்டர்கள் 1945இல் சிங்கப்பூர் வரை போய், கடலில் கண்ணிவெடி போட்டுவிட்டுத் திரும்பின. போக வர இருபது மணி நேரத்துக்கு மேல். சிறகுக்குள் இருக்கும் முக்கியத் தொட்டிகள் மட்டுமே ஏறத்தாழ 9,000 லிட்டர் பிடிக்கும். மணிக்கு 750 லிட்டர் போலக் குடிக்கும்.

இவ்வளவு பெட்ரோலையும் அளக்க அதில் இருந்த கருவி என்ன தெரியுமா? விமானிகள் அறையில் நிறுத்தி வைத்த நான்கு கண்ணாடிக் குழாய்கள். முள் கிடையாது, மின்சாரமும் கிடையாது. தொட்டியில் பெட்ரோல் எந்த உயரத்தில் நிற்கிறதோ, அதே உயரத்தில் குழாயிலும் நிற்கும். அதைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் வீடு கட்டிய மேஸ்திரி ஞாபகம் வந்தார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இந்தத் தூணிலும் மறுமுனையை அந்தத் தூணிலும் பிடிக்கச் சொல்வார். ஒரு முனை என் கையில். "ஆட்டாதீங்க சார். நடுவுல குமிழி நின்னா கொழா பொய் சொல்லும்" என்று இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, நீர் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போடுவார். முப்பதடி தள்ளி இருக்கும் தூணில் அதே மட்டம். லேசர் கருவி வாங்க வசதி இருந்தும் அவர் வாங்கவில்லை. குழாய்க்கு பேட்டரி தீராது என்பார்.

லிபரேட்டரின் குழாயும் இதே டியூப் மட்டம்தான். ஒரே ஒரு வித்தியாசம்: தூண் ஆடாது, விமானம் ஆடும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். குழாய்க்கும் தொட்டிக்கும் இடையே நீளவாக்கில் 3 மீட்டர் என்று வையுங்கள். விமானத்தின் மூக்கு ஒரே ஒரு பாகை தூக்கினால் குழாயில் மட்டம் 5 சென்டிமீட்டர் மாறிவிடும். ஒரு பாகை என்பது நாற்காலியில் இருப்பவருக்கு உறைக்காது. சிறகுக்குள் இருக்கும் தொட்டி ஆழமில்லாதது, தாம்பாளம் மாதிரி. அதன் பரப்பு 4 சதுர மீட்டர் என்றால் அந்த 5 சென்டிமீட்டர் 200 லிட்டருக்குச் சமம். ஒரு கால்மணி நேரப் பயணம். விமானம் இலேசாக ஆக ஆக அதன் மூக்கின் சாய்வும் மாறிக்கொண்டே வரும். அதாவது நிறைய பெட்ரோல் இருக்கும்போது குழாய் கொஞ்சம் பொய் சொன்னால் நஷ்டமில்லை. கரைக்கு முந்தைய கால்மணி நேரத்தில், ஒவ்வொரு லிட்டரும் தெரிய வேண்டிய நேரத்தில், வங்காள விரிகுடாவின் மழைமேகத்துக்குள் அது சொல்வது எதையும் நம்ப முடியாது.

அதனால் விமானத்தில் இருந்த கெட்டிக்காரப் பொறியாளர்கள் குழாயை நம்பவில்லை, நோட்டை நம்பினார்கள். எத்தனை மணிக்கு எந்த வேகம், எஞ்சின் எத்தனை சுற்று, இவ்வளவு நேரத்துக்கு இவ்வளவு குடித்திருக்கும் என்று எழுதிக் கழித்துக்கொண்டே வருவது. என் அம்மா செய்ததும் இதைத்தான். சமையல் காஸ் சிலிண்டரை ஆட்டிப் பார்க்கலாம், ஈரத்துணியால் துடைத்து எதுவரை ஈரம் காயாமல் நிற்கிறது என்றும் பார்க்கலாம். அம்மா இரண்டையும் மதிக்காமல், மாற்றிய தேதியை தினசரிக் காலண்டரின் அட்டையில் எழுதி வைப்பார். நாற்பதாவது நாள் பதிவு செய்துவிடுவார். விருந்தாளி வந்து ஒரு வாரம் தங்கினால் மட்டும் கணக்கு உதைக்கும். எதிர்காற்று என்பது விமானத்துக்கு வந்த விருந்தாளி.

இன்றைய விமானங்களில் தொட்டிக்குள் பல இடங்களில் மின்தேக்கிக் குச்சிகள் நிற்கின்றன. எரிபொருள் ஏறி இறங்கும்போது அவற்றின் மின்தேக்கு திறன் மாறும். எல்லாவற்றையும் கூட்டிச் சாய்வைக் கழித்துக் கணினி விடை சொல்லிவிடும். கண்ணாடிக் குழாயின் காலம் போயிற்று.

லிபரேட்டரில் இன்னொரு கோளாறு. பெட்ரோல் ஆவி உள்ளே தேங்கி நாறும். அதை வெளியேற்ற குண்டறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டே பறப்பார்கள். அந்தக் கதவு நம் கடைகளின் ஷட்டர் போலப் பக்கவாட்டில் சுருண்டு ஏறும். காற்றை எதிர்க்காமல் திறக்க அது நல்ல யோசனை. ஆனால் கடலில் இறங்க நேர்ந்தால் தண்ணீர் அறையும் அறையில் அந்த மெல்லிய ஷட்டர் முதலில் பிய்த்துக்கொள்ளும், பிறகு உடலே நடுவில் முறியும். கரைக்கு நூறு மைலில் எரிபொருள் தீர்வது எந்த விமானத்துக்கும் ஆபத்து. லிபரேட்டருக்கு அது பெரும்பாலும் முடிவு.

சரி, தொட்டியில் மிச்சம் இருப்பதை அளக்கக் கற்றுக்கொண்டோம். ஆளிடம் மிச்சம் இருப்பதை? போன வருடம் திருநெல்வேலியிலிருந்து காரில் திரும்பினேன். ஏறத்தாழ அறுநூறு கிலோமீட்டர் ஒரு தப்பும் செய்யவில்லை. அத்திப்பள்ளி தாண்டி, ஊர் வந்தாச்சு என்று மனம் சொன்ன அடுத்த பத்தாவது நிமிடம், எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்தில் வண்டி சாலை நடுத் தடுப்பை உரசிக்கொண்டு போனது. நான் தூங்கவில்லை என்றுதான் இன்றுவரை மனைவியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருபது மணி நேரம் எஞ்சின் இரைச்சலில், குளிரில் உட்கார்ந்து வந்த இருபது வயதுப் பையன்களுக்குக் கரையைக் கண்டதும் என்ன ஆகியிருக்கும்?

இந்தக் களைப்பைப் படிக்கிற இடமும் நம் ஊரில்தான் இருக்கிறது. பழைய ஏர்போர்ட் ரோட்டில், விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம். 1957இல் தொடங்கியது. அந்த வாசலைத் தினமும் லட்சம் பேர் கடக்கிறோம், உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பவர் குறைவு. இவ்வளவு படித்தும் விமானிகளின் களைப்பை நாம் பெரும்பாலும் பணிநேர மணிக்கணக்கில்தான் அளக்கிறோம். அதுவும் காலண்டர் அட்டையில் எழுதிய தேதி மாதிரிதான், விருந்தாளியைக் கணக்கில் சேர்க்காது. தீபாவளிக்கு முந்தின ராத்திரி பெங்களூரிலிருந்து கிளம்பும் ஆம்னி பஸ்ஸின் ஓட்டுநருக்கு அந்த அட்டைகூட ஒழுங்காகக் கிடையாது. டீசல் முள்ளைப் பார்க்காமல் எந்த முதலாளியும் வண்டி எடுக்க விடுவதில்லை.

இனி தாத்தாவின் கதை. 1940இல் தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்தும் மைசூர் அரசும் சேர்ந்து தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் (அதுதான் எச்.ஏ.எல்.), போர் மும்முரத்தில் அமெரிக்கப் படையின் பழுதுபார்க்கும் நிலையமாயிற்று. கட்டலினா கடல்விமானங்கள் பெல்லந்தூர் ஏரியில் வந்து இறங்கிய காலம் அது. (அதே ஏரிதான், நுரை பொங்கித் தீப்பிடித்ததே, அது.) போர் முடிந்ததும் பிரிட்டிஷார் கான்பூர் சக்கேரித் தளத்தில் லிபரேட்டர்களைக் குவித்து, மறுபடி யாரும் பறக்க முடியாதபடி அடித்து நொறுக்கிவிட்டுப் போனார்கள். சுதந்திர இந்தியாவுக்குக் குண்டுவீச்சு விமானம் வேண்டியிருந்தது, காசு இல்லை. 1948இல் எச்.ஏ.எல். ஆட்கள் கான்பூர் போய், ஒன்றின் உறுப்பை எடுத்து இன்னொன்றில் பொருத்தி, ஒரே ஒரு பயணத்துக்குத் தாங்கும் அளவுக்குத் தேற்றினார்கள். தலைமைச் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். முழுச் சிகிச்சை இங்கே வந்த பிறகுதான். இப்படி நாற்பது விமானங்கள் போலத் தேறின, வழியில் ஒன்றும் விழவில்லை. அந்த நவம்பரில் உருவான ஐந்தாம் படையணிக்கு அவைதான் விமானங்கள். 1968 வரை பறந்தன. உலகத்தில் கடைசிவரை லிபரேட்டரைப் படையில் வைத்திருந்தது நாம்தான்.

நல்ல விமானம் விழ, உடைந்தது வந்து சேர்ந்தது எப்படி என்ற கேள்விக்கு என் ஊகம் இதுதான்: முன்ஷிக்குக் குண்டுச்சுமை இல்லை, எதிரி இல்லை, இருட்டில் கடல் தாண்டும் வேலை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் விமானம் எந்த நேரமும் கைவிடலாம் என்று கிளம்பும்போதே அவருக்குத் தெரியும். ஊர் வந்தாச்சு என்று அவர் கடைசிவரை நினைத்திருக்க மாட்டார்.

நாம் ஓய்வு கொடுத்த லிபரேட்டர்களில் ஒன்று 1968இல் கனடாவுக்கும், ஒன்று 1969இல் அமெரிக்காவின் டூசானுக்கும், ஒன்று 1974இல் இங்கிலாந்துக்கும் போயின. அங்கே அருங்காட்சியகங்களில் துடைத்து மெருகேற்றி நிறுத்தியிருக்கிறார்கள். இந்தியாவில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, டெல்லியில் பாலம் என்ற பகுதியில் இருக்கும் விமானப்படை அருங்காட்சியகத்தில். அத்தனையையும் பிழைக்க வைத்த பெங்களூரில் ஒன்றும் இல்லை.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அடையாள அட்டை, பழைய புகைப்படம், சம்பளச் சீட்டு எது இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். படத்தில் நிற்பவர்களின் பெயர் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலால் எழுதி வைத்துவிடுங்கள்.